வெள்ளத்தில் நின்ற ஸ்விஃப்ட்டை வாங்கலாமா?

கேள்வி: விருதுநகரில் இருக்கிறேன். 2019 மாடல் மாருதி ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ பெட்ரோல் வண்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 46,000 கிலோமீட்டர் ஓடியது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தள பார்க்கிங்கில் நின்ற வண்டி. வியாபாரி அதை மறைக்கவில்லை. "முழங்கால் தண்ணிதான் சார், கார்பெட் மட்டும் நனைஞ்சுது" என்கிறார். ஏழு மாதமாக ஷெட்டில் நிற்கிறது. இன்ஜின் ஓடும் வீடியோவும் அனுப்பினார். 2,60,000 ரூபாய் கேட்கிறார். எங்கள் பக்கம் இதே வண்டி நல்ல நிலையில் 5 லட்சத்துக்குப் போகிறது. எங்கள் ஊர் மெக்கானிக் 50,000 ரூபாயில் சரிசெய்துவிடலாம் என்று சொல்கிறார். அப்பா அம்மாவை மதுரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும் பிள்ளைகளோடு வெளியூர் போகவும்தான் வண்டி தேடுகிறேன். வாங்கலாமா?

பதில்: வணக்கம். அவர் கேட்கும் விலைக்கு வாங்க வேண்டாம். இந்த வண்டிக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய உச்ச விலை ஒன்றரை லட்சம். அதுவும் கீழே சொல்லும் சோதனைகளில் வண்டி தேறினால் மட்டும். தேறாவிட்டால் ஒரு லட்சத்துக்குக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

விற்பவர் சொல்வதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் ஒன்றை மட்டும் கண்டுபிடியுங்கள்: தண்ணீர் வண்டிக்குள் எவ்வளவு உயரம் ஏறியது? எது பிழைத்தது, எது போனது, எவ்வளவு செலவாகும் என்பதெல்லாம் அந்த உயரத்தைப் பொறுத்தது.

முழங்கால் தண்ணீர் என்றால் கேட்பதற்குக் கொஞ்சமாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிற்கிற ஆளின் முழங்கால் தரையிலிருந்து 45 முதல் 50 சென்டிமீட்டர். ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மில்லிமீட்டர். கதவைத் திறந்து கால் வைக்கும் படி தரையிலிருந்து சுமார் ஓர் அடி. ஆக, வியாபாரி சொல்வது அப்படியே உண்மையாக இருந்தாலும் கேபினுக்குள் அரை அடித் தண்ணீர் நின்றிருக்கிறது. அந்த அரை அடிக்குள் கார்பெட் மட்டும் இல்லை. முன்சீட் இரண்டுக்கும் நடுவில், கியர் லிவருக்கும் ஹேண்ட் பிரேக்குக்கும் அடியில், தரையோடு போல்ட் போட்டு உட்கார்ந்திருப்பது ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி. பெரும்பாலான கார்களில் அதன் இடம் அதுதான். கதவுப் படியை ஒட்டிப் பின்பக்கம் போகும் வயரிங் கட்டு, சீட்டுக்கு அடியில் இருக்கும் கனெக்டர்கள், நடுத்தூணின் அடியில் இருக்கும் சீட் பெல்ட் சுருள், அதோடு சேர்ந்து, மோதும்போது பெல்ட்டை இறுக்கும் வெடிமருந்து இழுப்பான் எல்லாமே அந்த உயரத்திலோ அதற்குச் சற்று மேலேயோதான்.

இதை வைத்து மூன்று கோடு போட்டுக்கொள்ளலாம். தண்ணீர் கதவுப் படியைத் தாண்டவில்லை என்றால் பிரேக், வீல் பேரிங், சைலன்சர், கியர் பாக்ஸ் ஆயில் ஆகியவற்றைப் பார்த்துவிட்டுத் தைரியமாக வாங்கலாம். படியைத் தாண்டி சீட் மெத்தைக்குக் கீழே நின்றது என்றால் சரியான விலைக்கு, சரியான வேலைக்குப் பிறகு ஓட்டலாம். உங்கள் வண்டி இந்த ரகம் என்றுதான் வியாபாரி சொல்கிறார். சீட் மெத்தை நனைந்து டேஷ்போர்டு பக்கம் தண்ணீர் ஏறியது என்றால், டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் ஃபியூஸ் பெட்டி, பாடி கட்டுப்பாட்டுப் பெட்டி, ஸ்டீயரிங் தண்டிலேயே இருக்கும் பவர் ஸ்டீயரிங் மோட்டார், மீட்டர் என்று வரிசையாகப் போகும். அந்த வண்டி வேண்டாம்.

மழைத் தண்ணீர் என்பதாலும் ஆறுதல் அடைய வேண்டாம். பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பக்கம் நாள்கணக்கில் தேங்கி நின்றது சாக்கடை கலந்த தண்ணீர். அதில் உள்ள உப்பும் அமிலமும் செம்பு வயரை விடாமல் தின்னும். எண்ணூர் கழிமுகம், தூத்துக்குடி உப்பளம் போன்ற இடங்களில் உப்புத் தண்ணீரில் நின்ற வண்டியாக இருந்தால், கார்பெட் வரைக்கும்தான் என்றாலும் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

உயரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

நேரில் போங்கள், பகல் வெளிச்சத்தில் போங்கள், இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு டார்ச், சின்னக் கண்ணாடி, வெள்ளைத் துணி, 10 மற்றும் 12 நம்பர் ஸ்பேனர், பிளாஸ்டிக் டிரிம் கழற்றும் பட்டி போதும். ஏழு மாதத்தில் வண்டி ஒரு முறையாவது முழு வாட்டர் சர்வீஸுக்குப் போயிருக்கும். அதனால் கண்ணுக்குப் படும் இடங்கள் சுத்தமாகத்தான் இருக்கும். புது சீட் கவர், புதுத் தரை விரிப்பு, தூக்கலான வாசனை திரவியம் மூன்றும் சேர்ந்திருந்தால் சந்தேகத்தை அதிகப்படுத்திக்கொள்ளுங்கள். கழுவுகிறவர் கை எட்டாத இடங்களில்தான் உண்மை இருக்கும்.

முதலில் சீட் பெல்ட். நாலு பெல்ட்டையும் சுருளின் கடைசி வரை, இனி வராது என்கிற வரை இழுங்கள். கடைசி இரண்டடிப் பட்டை சாதாரணமாக வெளியே வருவதே இல்லை. அதன் ஓரங்களில் பழுப்புக் கறையோ, விரலால் தேய்த்தால் ஒட்டும் நைஸ் மண்ணோ இருந்தால், தண்ணீர் நடுத்தூணின் அடியில் இருக்கும் சுருள் வரை வந்திருக்கிறது. சுருள் நனைந்தால் இழுப்பானும் நனைந்ததுதான். பெல்ட்டின் வெளிப்பகுதியில் குறுக்காக ஒரு கோடு தெரிந்தால், தொங்கிய நிலையில் தண்ணீர் அந்த மட்டம் வரை நின்றிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தை அளந்துகொள்ளுங்கள்.

அடுத்தது முன்கதவு ஸ்பீக்கர். கதவின் உள்பலகையைக் கழற்ற விட்டால் அதற்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். தாளின் உள்முகத்தில் மண்கோடு அப்படியே இருக்கும். ஸ்பீக்கரின் கூம்பு காய்ந்த அப்பளம் போல நெளிந்திருந்தால் தண்ணீர் அதைத் தொட்டிருக்கிறது.

டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, பிரேக் பெடலுக்கு மேலே டார்ச் அடியுங்கள். அங்கே உள்ள இரும்புப் பட்டைகளின் மேல்முகத்தை, வானத்தைப் பார்த்திருக்கும் பக்கத்தை, வெள்ளைத் துணியால் துடையுங்கள். சாதாரண வண்டியில் வருவது உலர்ந்த சாம்பல் நிறத் தூசு. வெள்ளத்தில் நின்ற வண்டியில் வருவது பச்சரிசி மாவு போல நைஸான, பழுப்பு நிற வண்டல். அது இரும்போடு ஒட்டிக் காய்ந்திருக்கும். தண்ணீர் வடியும்போது மேல்முகத்தில்தான் வண்டல் தங்கும். டேஷ்போர்டை முழுதாக இறக்காமல் அதைக் கழுவ முடியாது. இங்கே வண்டல் வந்தால் பேச்சை அதோடு நிறுத்திக்கொண்டு கிளம்பிவிடலாம். இடது பக்கக் கையுறைப் பெட்டியைக் கழற்றினால் ஏசி புளோயர் தெரியும். அதற்குள்ளும் அதே துணியால் துடைத்துப் பாருங்கள்.

பிறகு தரை. முன்சீட்டைத் தாங்கும் ரெயில், அதன் போல்ட்டுகள், சீட்டுக்கு அடியில் பெயின்ட் இல்லாத ஸ்பிரிங் கம்பிகள் எல்லாம் துரு பிடித்திருக்கும். போல்ட் தலையில் ஸ்பேனர் போட்ட புதுக் கீறல் இருந்தால் சீட்டை இறக்கியிருக்கிறார்கள். அது நல்லதாகவும் இருக்கலாம். ஏன் இறக்கினார்கள், கார்பெட்டைத் தூக்கிக் காயவைத்தார்களா என்று கேளுங்கள். கதவுப் படியின் பிளாஸ்டிக் பட்டியை எடுத்து கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, அடியில் உள்ள பஞ்சை விரலால் அழுத்துங்கள். அந்தப் பஞ்சு மேலே காய்ந்த பிறகும் அடியில் மாதக்கணக்கில் ஈரம் பிடித்து வைத்திருக்கும். ஏழு மாதம் கழித்தும் ஈரமோ புழுக்க நாற்றமோ இருந்தால் தரைத்தகடும் வயரிங்கும் இன்றைக்கும் அரித்துக்கொண்டிருக்கின்றன. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியையும் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் இருக்கும் கனெக்டர்களைப் பாருங்கள். மஞ்சள் என்றால் ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றாமல் அவற்றில் கை வைக்காதீர்கள். பக்கத்தில் உள்ள மற்ற கனெக்டர் ஒன்றைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள். பச்சைப் பூசணமோ வெள்ளைப் பொடியோ இருந்தால் அந்தக் கட்டு முழுவதும் அதே கதிதான்.

இன்ஜின் ஓடும் வீடியோ எதற்கும் சாட்சி இல்லை

பலரும் இன்ஜினைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் நின்றபடி மூழ்கிய வண்டியில் இன்ஜின்தான் எளிதில் பிழைக்கும். அதைக் கொல்வது தண்ணீர் வடிந்த பிறகு யாரோ சாவியைத் திருப்புவதுதான். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால், தண்ணீர் அமுங்காது என்பதால் பிஸ்டன் மேலே ஏற முடியாமல், அதைத் தள்ளும் தண்டான கனெக்டிங் ராடு வளையும். நன்றாக வளைந்தால் உடனே தெரிந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் வளைந்தால் தெரியாது. இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், வீடியோவில் சத்தமும் நன்றாகவே இருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து நாலுவழிச் சாலையில் வேகமாகப் போகும்போது அந்த ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வரும்.

அதனால் கம்பிரஷன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை அளக்கும் சோதனை, இல்லாமல் வாங்கக் கூடாது. நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு, சார்ஜ் நிறைந்த பேட்டரியில் செல்ஃப் அடிக்க வேண்டும். இந்த இன்ஜினில் நல்ல நிலையில் ஒவ்வொரு சிலிண்டரும் 200 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அளவு) அருகில் காட்டும். 160-க்குக் கீழே போனால் இன்ஜின் வேலை இருக்கிறது. அதைவிட முக்கியம் நாலுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட 15 பி.எஸ்.ஐ.க்கு மேல் குறைந்தால் அந்த ராடைச் சந்தேகிக்க வேண்டும். உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. ஒரு நீளமான பிளாஸ்டிக் குழலை பிளக் துளை வழியே பிஸ்டன் தலையில் நிறுத்தி, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றி, பிஸ்டன் ஏறக்கூடிய உச்சத்தில் குழலில் கோடு போடுங்கள். நாலு சிலிண்டருக்கும் இதேபோல் செய்யுங்கள். நாலு கோடும் ஒரே இடத்தில் விழ வேண்டும். ஒன்று மட்டும் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தால் ராடு வளைந்திருக்கிறது. அரை மணி நேர வேலை. வியாபாரி இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே பதில்.

டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. புது ஆயில் ஊற்றியிருந்தால் ஒன்றும் தெரியாது. அதனால் ஆயில் ஊற்றும் மூடியின் அடிப்பக்கத்தையும் பாருங்கள், அங்கே கிரீம் போல ஒட்டியிருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டரையும் அதற்குப் பின்னால் இன்ஜினுக்குப் போகும் குழாயின் உள்புறத்தையும் துடைத்துப் பாருங்கள். ஃபில்டர் புதிதாக இருக்கலாம், குழாயை யாரும் மாற்றுவதில்லை. உள்ளே வண்டல் இருந்தால் தண்ணீர் இன்ஜின் வரை போயிருக்கிறது.

வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் போடும்போது ஒரு சூட்சுமம். இன்ஜினை மட்டும் படிக்கும் சின்ன ப்ளூடூத் கருவி இங்கே பயன்படாது. ஏர்பேக், ஏபிஎஸ், பாடி, ஸ்டீயரிங் பெட்டிகளையும் படிக்கும் ஒர்க்ஷாப் ஸ்கேனர் வேண்டும். யூ-0100, யூ-0121 போல 'யூ' வரிசைக் கோளாறு எண்கள் வந்தால் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசவில்லை என்று பொருள். வெள்ள வண்டியில் அது பெரும்பாலும் வயரிங் அரிப்பு. ஒரு எண்ணும் வரவில்லையென்றால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். எண்களை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் ஸ்கேனர் காட்டும். அது 2 கிலோமீட்டர் என்றால் நீங்கள் வருவதற்கு முன் அழித்திருக்கிறார்கள். சாவியை ஆன் செய்ததும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கைத் துண்டித்திருக்கிறார்கள். அப்படிச் செய்கிற வழக்கம் சந்தையில் உண்டு. மற்ற விளக்குகளோடு சேர்ந்து எரிந்து அவற்றோடேயே அணைந்தால், வேறொரு வயரில் கட்டிவிட்டிருக்கலாம்.

50,000 ரூபாய்க் கணக்கில் விட்டுப்போனவை

உங்கள் மெக்கானிக் பொய் சொல்லவில்லை. வண்டியை ஓட வைக்க 50,000 போதும். ஆனால் நீங்கள் அதில் அப்பா அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றப் போகிறீர்கள். சீட் மெத்தைக்குக் கீழே தண்ணீர் நின்ற ஸ்விஃப்ட்டை நம்பி ஏறும் நிலைக்குக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். தொகைகள் உத்தேசம்தான், ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

எல்லா எண்ணெய்களும் மாற வேண்டும், இன்ஜின் ஆயிலும் கியர் ஆயிலும் இரண்டு முறை. வண்டியை ஒரு ராத்திரி அசைக்காமல் நிறுத்திவிட்டுக் காலையில் டிரெயின் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தினால், தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் அதுதான் முதலில் வரும். ஃபில்டரோடு மூன்று லிட்டர் சொச்சம் சாதா ஆயில் ஊற்றி, பதினைந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, அதையும் இறக்கிவிட்டு நல்ல ஆயில் ஊற்ற வேண்டும். 500 கிலோமீட்டரில் நிறத்தை மறுபடி பார்க்க வேண்டும். கியர் பாக்ஸின் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். இதை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சக்கூடியது, அதையும் முழுதாக மாற்ற வேண்டும். டேங்கில் உள்ள பெட்ரோலை இறக்கியே ஆக வேண்டும். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது, அது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு டேங்கின் அடியில் தனியாகத் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். இவை எல்லாம், பிளக்கும் ஃபில்டர்களும் சேர்த்து, 9,000 முதல் 12,000.

உள்பக்கம் சீட், கன்சோல், கார்பெட் அனைத்தையும் இறக்கி, பஞ்சைத் தூக்கி எறிந்து, தரையின் ரப்பர் அடைப்புகளைத் திறந்து, நல்ல தண்ணீரில் கழுவி, கிருமிநாசினி அடித்து, மூன்று நான்கு நாள் வெயிலில் காயவைத்து, கதவுப் படிக்குள் இருக்கும் வெற்றிடத்தில் காற்றடித்து மெழுகு அடிக்க 15,000 முதல் 20,000. சாக்கடைத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். காய்ந்த வண்டி என்றாலும் அந்தப் பஞ்சை எடுக்கிறவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். செல்ஃப் மோட்டார், டைனமோ, ஏசி புளோயர் மூன்றையும் பிரித்துப் பார்க்க 10,000 முதல் 15,000. டைனமோவும் நனைந்திருக்க வாய்ப்பு உண்டு. வீல் பேரிங்குகள், பின் டிரம் உள்வேலை, முன் கேலிப்பர் பின்கள் 10,000 முதல் 15,000. ஏழு மாதம் நின்றதால் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கலாம். முதல் கியரில் உதறுகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். பேட்டரி 5,000, 6,000.

இனி வருவதுதான் மெக்கானிக்கின் கணக்கில் இல்லாதது. நனைந்த ஏர்பேக் பெட்டியைக் கழுவிக் காயவைத்துப் போடக்கூடாது. அது இன்று வேலை செய்யும், விளக்கும் அணைந்திருக்கும். உள்ளே சர்க்யூட் தகட்டில் அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். மோதும்போது வெடிக்காமல் போகலாம், சும்மா போகும்போது வெடிக்கவும் செய்யலாம். நனைந்த சீட் பெல்ட் இழுப்பானுக்கும் இதேதான். பெட்டியும் முன்பெல்ட் இரண்டும் புதிது போட, கூலியோடு 35,000 முதல் 50,000 எடுத்து வையுங்கள். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழையது மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். கண்ணாடி, கதவு, பம்பருக்கு அங்கே போங்கள். ஏர்பேக் பெட்டியை அங்கே வாங்காதீர்கள். மோதிய வண்டியிலிருந்து வந்ததா, இதே வெள்ளத்தில் கிடந்ததா என்று அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

தரை வயரிங் கட்டு 25,000 முதல் 40,000. இதைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். கனெக்டரில் பெட்ரோல் அடித்துக் கழுவி, காற்றடித்து, டேப் சுற்றி மாட்டிவிடுவார்கள். பெட்ரோல் பின்னின் மேலே உள்ள அழுக்கை எடுக்கும், வயருக்குள் தந்துகி போல ஏறிய தண்ணீரை எடுக்காது. செம்பு இழைகள் உறைக்குள் கறுத்து ஒவ்வொன்றாக அறும். ஒரு நாள் பவர் விண்டோ நிற்கும், இன்னொரு நாள் ஏபிஎஸ் விளக்கு எரியும், மழைநாளில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஒவ்வொரு முறையும் ஒர்க்ஷாப்பில் ஒரு நாள் போகும். அரிப்பு கனெக்டர் வாயோடு நின்றிருந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்து, பின்களை மட்டும் மாற்றினால் போதும். வயரின் உறையை இரண்டு அங்குலம் உரித்துப் பாருங்கள். செம்பு பளபளவென்று இருந்தால் தப்பித்தீர்கள், கறுத்திருந்தால் கட்டை மாற்றுங்கள்.

கூட்டினால் 1,09,000 முதல் 1,58,000 வருகிறது. இதற்கு மேல், முதல் வருடத்தில் ஏதாவது ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி போகும் என்று எண்ணி 40,000 தனியாக எடுத்து வைக்க வேண்டும். நல்ல வண்டி 5 லட்சம் என்கிறீர்கள். வெள்ளத்தில் நின்றது என்று சொல்லி விற்கும்போது நீங்கள் எவ்வளவு செலவழித்திருந்தாலும் எழுபது சதவீதத்துக்கு மேல் யாரும் தரமாட்டார்கள், அதாவது மூன்றரை லட்சம். சொல்லாமல் விற்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. மூன்றரை லட்சத்தில் 1,58,000-ஐயும் 40,000-ஐயும் கழித்தால் 1,52,000. நான் ஒன்றரை லட்சம் என்று சொன்னது இப்படித்தான் வந்தது. 2,60,000 கொடுத்தால், வேலை முடியும்போது கையிருப்புத் தொகையோடு சேர்த்து நாலு முதல் நாலரை லட்சம் ஆகியிருக்கும். அந்தப் பணத்துக்கு ஒரு வருடம் பழைய மாடலில், தண்ணீரே படாத வண்டி உங்கள் பக்கத்திலேயே கிடைக்கும். அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற வீட்டுக்கு அதுதான் பொருத்தம்.

காகிதம்

இவ்வளவுக்குப் பிறகும் வியாபாரி இறங்கி வந்து, நீங்களும் எடுக்க நினைத்தால், பணம் கொடுப்பதற்கு முன் காகிதங்களைப் பாருங்கள். நம் ஆர்.சி.யில் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்று குறிக்க இடமே இல்லை. அதனால் வேறு வழியில் தேட வேண்டும். வண்டி முழுக் காப்பீட்டில் இருந்ததா என்று கேளுங்கள். ரிப்பேர் செலவு ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் கம்பெனி அதை முழு நஷ்டமாகக் கருதிப் பணம் கொடுத்துவிட்டு, வண்டியை ஏலத்தில் விட்டுவிடும். வியாபாரிகள் கையில் வருவது அதிகமும் அப்படி வந்த வண்டிதான். அப்படியென்றால் சர்வேயர் அறிக்கையும் சர்வீஸ் சென்டர் போட்ட எஸ்டிமேட்டும் எங்காவது இருக்கும். அவற்றைக் கேட்டு வாங்குங்கள். எந்தெந்தப் பாகம் நனைந்தது என்று வரிவரியாக அதில் இருக்கும். டேஷ்போர்டு வயரிங், மீட்டர், ஸ்டீயரிங் மோட்டார் என்று அந்தப் பட்டியலில் வந்தால் முழங்கால் தண்ணீர் என்பது பொய்.

கிளெய்மே போடவில்லை என்று சொன்னால், 2023-க்கு முந்தைய பாலிசியையும் பிந்தையதையும் வைத்து என்.சி.பி. வரியைப் பாருங்கள். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு 20, 25, 35, 45, 50 என்று படிப்படியாக ஏறுகிற சலுகை அது. அதே உரிமையாளர் பெயரில் திடீரென்று பூஜ்யமாகியிருந்தால் கிளெய்ம் நடந்திருக்கிறது.

அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா, கடன் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இனி பயன்படாது என்று ஆன வண்டியின் பதிவை ரத்து செய்யச் சொல்லி உரிமையாளர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு. ரத்தான ஆர்.சி.யை வைத்துப் பெயர் மாற்ற முடியாது. உயிரோடு இருந்தால், ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளரே பெயர் மாற்றத்துக்கான 29, 30-ம் படிவங்களில் கையெழுத்திட வேண்டும். வியாபாரி காட்டும் பழைய கையெழுத்தை நம்பாமல் அந்த உரிமையாளரிடம் ஒரு முறை போனில் பேசுங்கள். தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, வடிந்த பிறகு யாராவது சாவியைத் திருப்பினார்களா என்ற இரண்டு கேள்விக்கும் அவருக்குத்தான் பதில் தெரியும். பெரும்பாலும் மறைக்காமல் சொல்லிவிடுவார், ஏனென்றால் வண்டி அவர் கையைவிட்டுப் போய்விட்டது.

பெயர் மாறியதும் மூன்றாம் நபர் காப்பீடு உங்களோடு வந்துவிடும், சொந்தச் சேதக் காப்பீடு தானாக வராது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி மாற்ற வேண்டும். இந்த வண்டிக்குப் பாலிசி காலாவதியாகியிருக்கவே வாய்ப்பு அதிகம். அப்போது புதுப் பாலிசிக்கு கம்பெனி ஆள் வந்து வண்டியைப் பார்ப்பார். ரிப்பேர் பில்கள் எல்லாவற்றையும், முக்கியமாக ஏர்பேக் பெட்டிக்கும் பெல்ட்டுக்கும் வாங்கிய பில்லை, பத்திரமாக வைத்திருந்து அவரிடம் காட்டுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீட்டையும் கேட்டுப் பாருங்கள். சாதாரணப் பாலிசியில், தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ராடு வளைந்தால் பணம் கிடைக்காது.

சோதனைக்குப் போகும்போது முன்பணம் கொடுக்காதீர்கள். "இன்னொரு பார்ட்டி நாளைக்கு வருது, ஐயாயிரம் மட்டும் போட்டுவிடுங்க" என்று கேட்பார்கள். கம்பிரஷன் எண்கள் நான்கு, ஸ்கேனர் அறிக்கை, சர்வேயர் காகிதம் ஆகிய மூன்றும் கைக்கு வந்த பிறகு விலை பேசுங்கள்.